வாங்கியவர் வாக்கு



மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கிறது. ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் ஏரி, அருகே இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம். தொழிற்சாலை வேலைக்கும் கணினிப் பயிற்சிக்கும் வந்து சேர்ந்த தமிழர் பலரை இங்கே காணலாம். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும், முதுகில் பெரிய பையைச் சுமந்த கூரியர் இளைஞர்கள் வீடுவீடாக அட்டைப்பெட்டிகளைக் கொடுத்துச் செல்வது கண்ணில் படும். காமிராவுக்கான மெமரி கார்டு, காதில் மாட்டும் இயர்போன், கணினிக்கான கீபோர்டு, கேபிள், சார்ஜர் முதலிய துணைப்பொருள்கள் அவ்வாறு வந்து சேர்பவற்றுள் அடங்கும். விலை சில நூறு ரூபாய்தான். ஆயினும் இவற்றை வாங்குவோர் பெறும் அனுபவம் எத்தகையது, அவ்வனுபவத்தை ஒருவர் மற்றவர்க்கு எடுத்துரைப்பதால் விளையும் நன்மை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சிறு பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வேண்டும் என்றே சொல்லலாம். தம்பி மகளின் காதணி விழாவை நாம் காண்பது படத்தில். அம்மாவின் குரலைக் கேட்பது இயர்போனில். பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் தாத்தா தோன்றுவது கணினித் திரையில். ஊருக்கும் நமக்கும் இடையே பாலமாக நிற்பவை இந்தச் சிறு பொருள்களே. அவற்றில் ஒன்று பழுதானால் முறிவது அந்தப் பாலமும் ஆகும்.

முன்னாளில் இத்தகைய பொருள்களை வாங்குவதற்கு ஊருக்கு ஒன்றிரண்டு கடைகள் இருந்தன. ஆக்ஃபா கிளிக் 3 என்ற எளிய காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்கு 12 படங்கள்தாம் எடுக்கலாம். மைசூரிலிருந்து மலையேறினால் வரும் உதகமண்டலத்தில், 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்து விற்றது. சுருள் கெட்டிருந்தால் வாங்கிய கடைக்கே சென்று கேட்கலாம். கடைக்காரர் நம் முகம் அறிந்தவர். ரேடியோவின் கதையும் அதுவே. மைசூருக்கு வானொலியில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1935-இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி இந்நகரில் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் நடத்தினார். அதற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்ற பெயரே பின்னர் நாட்டின் வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. அந்நாளில் ரேடியோ பெட்டி வாங்க எண்ணியவர், முன்பே வாங்கியிருந்த அண்டை வீட்டாரிடம் சென்று, “ஒலி தெளிவாக இருக்கிறதா? அடிக்கடி பழுதாகிறதா?” என்று கேட்டறிந்த பின்னரே கடைக்குச் சென்றார். வாங்கியவர் வாக்கே அவருக்கு வழிகாட்டி.

இன்று கடையும் முகமற்றதாயிற்று. அண்டை வீட்டாரும் முகமற்றவராயினர். இணையவழியில் ஒரு பொருளைத் தேடினால், அதனருகே ஐந்து நட்சத்திரங்களும், வாங்கியோர் எழுதிய நூற்றுக்கணக்கான கருத்துகளும் தோன்றுகின்றன. அவற்றை எழுதியவர் யார், உண்மையில் வாங்கியவர்தாமா, கூலி பெற்று எழுதியவரா என்பதை நாம் அறியோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. கண்ணுக்குரிய காமிராவையும் காதுக்குரிய ஸ்பீக்கரையும் வாங்கும்போது இப்பழமொழி இருமடங்கு பொருந்துகிறது.

தீர விசாரிப்பது எப்படி? வாங்கியோர் சொல்லும் குறைகளை முதலில் மூன்று வகையாகப் பிரித்தறிய வேண்டும். கணக்குப் புரியாமையால் எழும் குறை ஒன்று; பொருத்தம் பாராமையால் எழும் குறை மற்றொன்று; விற்பவரின் வஞ்சனையால் எழும் குறை மூன்றாவது.

கணக்குப் புரியாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 64 ஜி.பி. என்று அச்சிட்ட மெமரி கார்டைக் கணினியில் செருகினால் ஏறத்தாழ 59.6 ஜி.பி. என்றே காட்டும். “நான்கு ஜி.பி.க்கு மேல் திருடிவிட்டார்கள்” என்று சிலர் சினத்துடன் எழுதுகின்றனர். திருட்டு ஏதும் இல்லை. கார்டு செய்வோர் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றனர். கணினியோ பெரும்பாலும் 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்று கொள்கிறது. படி ஒன்றே எனினும் ஊருக்கு ஊர் அளவு வேறுபட்ட பழங்கதை போன்றது இது.

பவர் பேங்க் செய்தியும் அத்தகையதே. 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பவர் பேங்க், 5,000 கொண்ட கைப்பேசியை இருமுறை முழுமையாக நிரப்ப வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். உள்ளே இருக்கும் மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட், வெளியே தருவது 5 வோல்ட். அழுத்தம் உயரும்போது அந்த 10,000 என்பது 7,400 ஆகிவிடுகிறது. மாற்றத்தில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். ஆகவே, ஒருமுறை நிரப்பி மறுமுறை பாதியோடு நின்றால் அது பவர் பேங்கின் குற்றமன்று.

அடுத்தது பொருத்தம். காமிரா லென்சின் முகப்பில் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடியை வாங்குவோர் பலர், 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணாடி பொருந்தும் என்று எண்ணி வாங்கி ஏமாறுகின்றனர். முதல் எண் லென்சின் குவியத் தூரம். கண்ணாடிக்கு வேண்டியதோ முகப்பின் விட்டம். குறுக்குக் கோடிட்ட வட்டக் குறியை அடுத்து அந்த விட்டம் பெரும்பாலும் லென்சிலேயே எழுதப்பட்டிருக்கும். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்கும் இப்படியே. கைப்பேசிக்கென்று செய்த மைக்கின் செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். காமிராவுக்குரியதில் பெரும்பாலும் இரண்டே. முன்னதைக் காமிராவில் செருகிவிட்டு, “ஒலி பதியவில்லை, உபயோகமற்ற பொருள்” என்று எழுதுவோர் உண்டு. டைப்-சி கேபிள்கள் உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், சில மின்னேற்றத்துக்கும் மெதுவான தகவல் பரிமாற்றத்துக்கும் மட்டுமே உரியவை. திரைக்குப் படம் அனுப்ப வல்லவை வேறு. எந்தக் காமிராவில், எந்தக் கணினியில் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லாத கருத்துரையால், அது புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும், பிறர்க்குப் பயனில்லை.

மூன்றாவது வஞ்சனை. கணினி ஸ்பீக்கர்ப் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கான வாட்டு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, அதன் கீழே பி.எம்.பி.ஓ. என்று சிறிதாகப் போட்டு விற்ற காலத்தைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். ஒரு கணப்பொழுது எழக்கூடும் என்று கற்பித்த உச்ச அளவு அது. தொடர்ந்து ஒலிக்கும் ஆற்றலைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். என்ற அளவு. இதைச் சரிபார்க்கப் பொறியியல் கல்வி வேண்டுவதில்லை. பெருக்கல் வாய்பாடு போதும். கணினியின் பழைய வகை யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட் அழுத்தத்தில் அரை ஆம்பியர் மின்சாரம். இரண்டையும் பெருக்கினால் 2½ வாட்டு. அதிலிருந்தே முழு மின்சாரமும் பெறும் ஸ்பீக்கர் 500 வாட்டு ஒலி தருகிறது என்றால், அரைப்படி அரிசி உலையில் இட்டு ஊருக்கே சோறு வடித்த கதையாகிவிடும்.

இதனினும் கொடியது போலி மெமரி கார்டு. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்வோம். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர் ஒருவர், தருமபுரிப் பக்கத்தவர். 256 ஜி.பி. கார்டு ஒன்று, அதில் நான்கில் ஒரு பங்கு கொள்ளும் கார்டின் விலைக்கே கிடைக்கிறதென்று இணையவழியில் வாங்கினார். பொங்கலுக்கு ஊர் சென்றபோது எடுத்த படங்களையும், அவர் மனைவியின் ஆயா பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவையும் அதில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் இடம் வேண்டுமென்று அங்கிருந்தவற்றை அழித்துவிட்டார். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது கோப்புகளின் பெயர்கள் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. அத்தகைய கார்டினுள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, உண்மையில் உள்ள இடத்தைப் போல் பன்மடங்கு இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிறையும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நிறைந்த பின் ஏற்றுவன பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். விற்றவரைக் கேட்டபோது, திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்று விடை வந்தது. வற்புறுத்திய பின் மாற்றுக் கார்டு ஒன்று அனுப்பினார்கள். “கார்டு போனா போகட்டும், ஆயா குரல் போயிடுச்சே” என்றார் அந்த அம்மையார். பாடிய மூதாட்டி அதற்குள் காலமாகியிருந்தார்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. உத்தரவாதம் என்பது பொருளுக்கு உரியது; பொருளில் நாம் சேர்த்து வைத்ததற்கு உரியதன்று. பெயர் பெற்ற நிறுவனங்களின் உத்தரவாதச் சீட்டிலும் இதைப் பொதுவாக எழுதியே வைத்திருக்கின்றனர். ஆதலின் மீண்டும் பெற முடியாத படத்தையும் குரலையும் குறைந்தது இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். இரண்டாவது, புதிய கார்டு வந்தவுடன், திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன்பே, வேண்டாத கோப்புகளால் அதை விளிம்பு வரை நிரப்பி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பின்னர் அழித்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். இதைத் தானே செய்து காட்டும் இலவச மென்பொருள்களும் உள்ளன. அந்த அன்பர் தம் கோபம் தணிந்த பின், நடந்ததையும் இந்தச் சோதனை முறையையும் தெளிவாக எழுதி, அப்பொருளின் கீழே கருத்துரையாக இட்டார். அதைப் படித்த வேறோர் ஊரார், தாம் வாங்கியதைச் சோதித்து உரிய காலத்தில் திருப்பிவிட்டதாக மறுமொழி எழுதினார். முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக் குரல் காப்பாற்றப்பட்டது.

மற்றவர் எழுதிய கருத்துகளைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. “பார்சல் விரைவில் வந்தது; மிக நன்று” என்று ஐந்து நட்சத்திரம் தருபவர் பாராட்டுவது கூரியர்காரரை; பொருளை அன்று. ஒரே வாரத்தில் ஒரே நடையில் குவிந்த புகழுரைகளை ஐயத்துடன் நோக்க வேண்டும். மூன்று நட்சத்திரம் தருபவர் பெரும்பாலும் நிறையும் குறையும் சேர்த்துச் சொல்வார். அவர் சொல்லுக்குக் கூடுதல் மதிப்புத் தரலாம். ஆறு மாதம் பயன்படுத்திய பின் எழுதியவர் வாக்கு, பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவர் வாக்கினும் மேலானது. பெட்டிக்குள், “ஐந்து நட்சத்திரம் தந்தால் பணம் திருப்பித் தரப்படும்” என்ற சீட்டு இருந்தால், அப்பொருளுக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் எப்படிக் கிடைத்தன என்பது சொல்லாமலே விளங்கும்.

கூலிக்கு எழுதும் புகழுரை உலகெங்கும் உள்ள நோய். அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் போலிக் கருத்துரைகளைத் தடுக்கும் விதியை 2024-இல் இயற்றியது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டு, இணையவழிக் கருத்துரைகளை எப்படித் திரட்ட வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்று வரையறுத்தது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளோ, விற்பவர் தம்மை வாங்கியவர் போலக் காட்டிக்கொண்டு கருத்துரை எழுதுவதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையும் படிக்கப் பழக வேண்டும். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பொருளாயின் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும், மாதமும் ஆண்டும், உச்ச விற்பனை விலையும், குறை சொல்லத் தொடர்பு கொள்ளும் விவரமும் இருந்தாக வேண்டும். பவர் பேங்க், அடாப்டர், கம்பியில்லா இயர்போன் போன்றவற்றில் தர நிர்ணய அமைப்பின் குறியும், ஆர் என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் காணப்பட வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால், அது மெய்யோ பொய்யோ என்பது சில நொடிகளில் தெரியும். பழுது பார்க்கும் நிலையம் மைசூரிலேயே உண்டா, சுமார் 145 கிலோமீட்டர் கடந்து பெங்களூர் செல்ல வேண்டுமா என்பதையும் வாங்குமுன் கேட்பது நலம். ஐந்நூறு ரூபாய் இயர்போனுக்கு ஒரு நாள் சம்பளத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் இழப்பவர் எத்தனை பேர்! பெங்களூரிலும் ஒரு ஹெப்பாள் உண்டு. முகவரியில் மைசூர் என்பதையும், 570 என்று தொடங்கும் பின்கோடையும் தெளிவாக எழுதாவிட்டால், 560 என்று தொடங்கும் அந்த ஊர்ப் பொதிகளோடு நம் பொதியும் போய்ச் சேரக்கூடும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் பொருள் பழுதாக வந்தால் என் செய்வது? கருத்துரை எழுதுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். கருத்துரை அடுத்தவருக்கு எச்சரிக்கை. நம் குறையைத் தீர்க்க முறையீடு வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதையும் வரிசை எண்ணையும் பாதுகாத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் மின்வணிக விதிகள் கட்டளையிடுகின்றன. பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன இயல்பு இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்க விற்பவருக்கு உரிமை இல்லை.

அங்கும் பயன் கிட்டாவிடில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். வெளிமாநிலத் தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி, அம்மையம் 17 மொழிகளில் பணி செய்கிறது. அவற்றுள் தமிழும் கன்னடமும் உண்டு என்பதாகும். இந்தி பேசத் தெரியாதே, கன்னடம் சரளமாக வராதே என்று நம்மவர் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. மைசூரில் இருந்துகொண்டே தமிழில் முறையிடலாம்.

இறுதியாக நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எதிர்த்தரப்பினர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், முறையீடு செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம் என்று வழி திறந்தது. விற்றவர் தில்லியில் இருக்கட்டும், சூரத்தில் இருக்கட்டும். ஹெப்பாளில் வாழ்பவர் மைசூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறத்தல் ஆகாது. வேலை தேடி இடம் பெயர்ந்து வாழும் நம்மைப் போன்றவர்க்கென்றே செய்தது போன்ற விதி இது எனலாம்.

உரிமையைப் பற்றிப் பேசினோம். கடமையைப் பற்றியும் ஒரு சொல். நாம் வாங்கிய பொருளைப் பற்றி நாமும் எழுத வேண்டும். எத்தனை மாதம் பயன்படுத்தினோம், எந்தக் கருவியோடு சேர்த்தோம், என்ன நேர்ந்தது, விற்றவர் எப்படி நடந்துகொண்டார் என்ற நான்கையும் சொன்னால் போதும். வசை வேண்டா, மிகை வேண்டா. ஒழுங்காக நடந்துகொண்ட வணிகரையும் மனமுவந்து பாராட்ட வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றியதனால் அன்றோ, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவர்தம் பெயர் விளங்குகிறது! நாம் எழுதுவதைத் தமிழிலேயே எழுதலாம். மும்பையிலோ ஆமதாபாத்திலோ இருந்து, ஆங்கிலக் கருத்துரைகளை அரைகுறையாகப் படித்துத் தயங்கும் ஒரு தமிழ்த் தாய்க்கு அது கைவிளக்காக அமையும்.

ஊரில் இருந்தபோது ஒரு பொருளை வாங்குமுன் நாம் கேட்டறிய மாமனும் மச்சானும் பக்கத்து வீட்டாரும் இருந்தனர். வெளிமாநிலத்தில் அந்தப் பக்கத்து வீட்டாராக ஒருவர்க்கொருவர் நாமே ஆக வேண்டும். வாங்கியவர் வாக்கு உண்மையானதாக இருக்கும் வரையில், முகமறியாத சந்தையிலும் நம்பி நடக்க ஒரு வழி இருக்கும்.